கேளாமை இன்மை ஆகுமா?

ஒரு பொருள் நமக்குப் புலப்படவில்லை என்ற ஒரே காரணத்தைக் கொண்டு அப்பொருள் இல்லை என்று முடிவு கட்டலாமா என்னும் வினா, பழைய தர்க்க நூல்களோடு ஏட்டுச் சுவடிகளில் உறங்கிப்போன ஒன்று என்றே நான் நெடுங்காலம் எண்ணியிருந்தேன். அது இன்றும் உயிரோடு உலவுகிறது என்பதையும், அதற்குப் பிழையான விடை கூறினால் மலைச்சரிவில் கொழுந்தெடுக்கும் ஓர் ஏழைப் பெண்ணின் ஒரு நாள் உழைப்பே கணக்கிலிருந்து மறைந்துபோகக்கூடும் என்பதையும், சென்ற ஆண்டு ஆனி மாதத்து அடைமழையில், கேரளத்து இடுக்கி மாவட்டப் பீர்மேட்டில் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றின் சிறிய அறையில் உட்கார்ந்து அறிந்துகொண்டேன்.

என் தங்கையை மணம் செய்துகொடுத்த குடும்பம், மூன்று தலைமுறைக்கு முன் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து குமுளி மலைப்பாதை ஏறி வந்து தோட்ட வேலைக்கமர்ந்த குடும்பம். பாட்டனார் கங்காணியின்கீழ்க் காடு திருத்தினார். தகப்பனார் தொழிற்சாலையில் இலை வாட்டினார். என் மருமகனோ கணினிக் கல்வி கற்று, வெளியூர் போகாமல், பிறந்த மண்ணிலேயே ஒரு தோட்டத்தின் கணக்குகளைத் தாங்கி நிற்கும் இரண்டு சர்வர்களைப் பராமரித்து வருகிறான். கொழுந்து நிறுக்குமிடத்தில் இப்போது மின்தராசு வந்துவிட்டது. சாக்கைத் தராசில் வைத்த மாத்திரத்தில் தொழிலாளியின் எண்ணும் எடையும் காற்று வழியே சென்று பதிவாகிவிடுகின்றன. இடியும் மின்வெட்டும் மலிந்த மலைநாட்டில் ஒரே இயந்திரத்தை நம்பியிருத்தல் தகாது என்று கருதி, ஒன்றைத் தொழிற்சாலையிலும் மற்றொன்றை அலுவலகக் கட்டடத்திலும் வைத்து, இடையே ஃபைபர் கம்பி இழுத்து, ஒன்று வீழ்ந்தால் மற்றொன்று உடனே அதன் கடமையை ஏற்கும்படி அமைத்திருக்கிறார்கள். இவ்வாறு கூடி நின்று சேவை அறாமற் காக்கும் இயந்திரக் கூட்டத்தைக் கிளஸ்டர் என்கிறார்கள்.

இரண்டுக்கும் வெளியுலகம் அறிந்த முகவரி ஒன்றே. எது முதன்மை வகிக்கிறதோ அதனிடம் அம்முகவரி தங்கும். அது வீழ்ந்தால், ஒரு தேகத்தை விட்டு மற்றொரு தேகத்திற் புகும் ஜீவனைப்போல, முகவரி மற்றதில் போய்க் குடியேறும். முதன்மை வகிப்பது வினாடிக்கு ஒருமுறை "இருக்கிறேன், இருக்கிறேன்" என்று ஒரு சிறு செய்தியை அனுப்பிக்கொண்டேயிருக்க, துணையாயிருப்பது வாய் திறவாமல் கேட்டுக்கொண்டேயிருக்கும். மூன்று முறை தொடர்ந்து அச்செய்தி வராமற்போய், அதன்மேல் ஒரு வினாடிக்கும் குறைந்த அவகாசமும் கழிந்துவிட்டால், அதாவது நான்கு வினாடிக்குச் சற்றுக் குறைந்த காலத்தில், துணையாயிருந்தது மற்றவன் மாண்டான் என்று தீர்மானித்துத் தானே தலைமை ஏற்றுவிடும். வி.ஆர்.ஆர்.பி. என்று சுருக்கமாக வழங்கும் நெறிமுறை இது. மனிதன் நாளொன்றுக்கு 21,600 முறை சுவாசிக்கிறான் என்பது யோக நூல்களின் கணக்கு. நாளின் 86,400 வினாடிகளை அதனால் வகுத்தால் மூச்சொன்றுக்கு நான்கு வினாடி என்றாகிறது. ஒரு மூச்சு வராதொழியும் காலத்துக்குள் இயந்திரம் தன் தோழன்மீது மரணத் தீர்ப்பு எழுதிவிடுகிறது. நெறிமுறை வகுத்தவர்கள் யோக நூலைப் புரட்டியவர்கள் அல்லர். இது தற்செயலான பொருத்தமே. ஆயினும் இதை அறிந்த நாள்முதல் இந்தக் கணக்கு என் மனத்தை விட்டு அகலவில்லை.

அன்று காலை, அயலார் யாரோ இயந்திரங்களுக்குள் நுழைவதற்கு இடைவிடாது முயன்ற தடயம் பதிவேட்டில் தென்பட்டிருக்கிறது. மருமகன் கலக்கமுற்று, ஃபயர்வாலின் விதிகளை எல்லாம் அழித்துப் புதிதாக எழுதினான். வீட்டுக்கு வீடு தீ பரவாதபடி இடையில் எழுப்பும் சுவருக்கு ஆங்கிலத்தில் வழங்கிய பெயரே கணினியுலகத்தில் இந்தக் காவலுக்கு ஆகிவந்திருக்கிறது. இதன் தர்மம் மிகவும் கண்டிப்பானது: முதலில் எல்லாரையும் மறு, பின்பு, இன்னாரை இன்ன வாயில் வழியே விடலாம் என்று ஒவ்வொன்றாக எழுது. உபநிஷதம் கூறும் 'நேதி நேதி'யோடு இதை ஒப்பிட்டுப் பேசச் சிலருக்கு ஆசை எழலாம், எனக்கும் எழுந்தது. ஆனால் அந்த ஒப்புமை நில்லாது. அங்கே மறுப்பது, மறுத்தற்கரியதாய் எஞ்சி நிற்பதைக் கண்டடைவதற்கு. இங்கே மறுப்பது, ஏற்கெனவே கையிலிருப்பதைக் காப்பாற்றுவதற்கு. இரண்டும் வெவ்வேறு மனோபாவங்கள்.

தன் மேசைக் கணினியிலிருந்து மட்டும் சர்வருக்குள் நுழைய 22ஆம் வாயிலைத் திறந்தான். தராசுகளின் செய்தி வருவதற்கு 443ஐத் திறந்தான். ஒரு தரவுத்தளத்தின் பதிவுகள் மற்றதற்குப் பிரதியாகச் செல்லும்பொருட்டு 5432ஐ அவ்விரண்டுக்கும் இடையே மட்டும் திறந்தான். போர்ட் எனப்படும் வாயில்களின் எண்களை எழுதி முடித்ததும் வேலை முடிந்தது என்று நினைத்துவிட்டான். ஆனால் "இருக்கிறேன்" என்னும் அந்த உயிர்ச்செய்திக்கு வாயில் எண்ணே கிடையாது. டி.சி.பி.க்கு 6, யு.டி.பி.க்கு 17 என்பதுபோல அதற்கென்று 112 என்னும் தனி நெறிமுறை எண் உண்டு, அது 224.0.0.18 என்னும் பொது முகவரியை நோக்கிக் கூவும் குரலாய் வருவது. வாயில்களை மட்டுமே எண்ணிப் பழகிய கண்ணுக்கு, வாயிலே இல்லாமல் வரும் அந்தக் குரல் படவில்லை. புதிய விதிகள் அமலுக்கு வந்த நான்கு வினாடிக்குள், அலுவலகத்துச் சர்வர் தலைமை ஏற்று, தன் தரவுத்தளத்தையும் பிரதி என்ற நிலையிலிருந்து மூலம் என்ற நிலைக்கு உயர்த்திக்கொண்டது. தொழிற்சாலைச் சர்வரும் தலைமையை விட்டிறங்கவில்லை. அதற்கு இறங்கவேண்டிய காரணம் ஒன்றும் தெரியாது. நண்பகலிலிருந்து மாலைவரை ஒரே முகவரியை இரு இயந்திரங்களும் தன்னுடையது என்று சாதித்துக்கொண்டிருக்க, சில சாக்குகளின் எடை இங்கும் சில சாக்குகளின் எடை அங்குமாகப் பதிவாகிவந்தன. எந்த மணியும் அடிக்கவில்லை. எந்த விளக்கும் சிவக்கவில்லை.

மாலையில் சூப்பர்வைசர் கொண்டுவந்த துண்டுச் சீட்டுகளோடு கணினிக் கணக்கு ஒத்துவராமற்போன பிறகே விஷயம் வெளிப்பட்டது. நான் அவ்வறைக்குள் நுழைந்தபோது அவன் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தான்.

"ரெண்டுமே நல்லாத்தான் ஓடிக்கிட்டிருந்திச்சு மாமா. ஒண்ணு செத்துப்போச்சுன்னு இன்னொண்ணு நெனச்சிருச்சு."

"அப்படி நினைக்கும்படி செய்தது யாரப்பா?"

"நான்தான். நடுவுல செவுரு வச்சது நான்தானே?"

பிறகு அவன் காட்டியதை நான் என் ஆயுள் உள்ளவரை மறவேன். கம்பி வழியே வருவதை எல்லாம் ஃபயர்வாலுக்கு வெளியே, வாசற்படியிலேயே நின்று பார்க்கும் கருவி ஒன்று உண்டு; டி.சி.பி.டம்ப் என்பது அதன் பெயர். அதை அவன் இயக்கியதும், கரிய திரையில் வினாடிக்கு ஒரு வரியாக, மற்றச் சர்வரின் குரல் வந்து விழுவதைக் கண்டேன். இருக்கிறேன், இருக்கிறேன், இருக்கிறேன் என்று அது பிற்பகல் முழுதும் வாசலில் நின்று கூப்பிட்டுக்கொண்டேயிருந்திருக்கிறது. சுவருக்கு உட்புறத்தில் இருந்த செவிக்கு அதில் ஒரு சொல்லும் எட்டவில்லை. எட்டாதிருந்ததைக்கொண்டு, கூப்பிட்டவன் இறந்தான் என்று அந்தச் செவி முடிவு செய்து, அவன் ஆசனத்தில் அமர்ந்திருக்கிறது.

நம் நாட்டுத் தத்துவ ஞானிகள் இந்தப் பிழைக்குக் காரணம் என்னவென்று நுணுகி ஆராய்ந்தவர்கள். அறிவுக்கு வழியாகும் பிரமாணங்கள் எத்தனை என்று கணக்கிடும்போது, காட்சி, அனுமானம், ஆப்தவாக்கியம் முதலியவற்றோடு, 'காணாமை' என்பதும் ஒரு பிரமாணமாகுமா என்ற கேள்வியை எழுப்பினார்கள். மணிமேகலையில் சமயக் கணக்கர் திறம் கேட்கும் பகுதியில் வைதிகவாதி எண்ணும் பத்து அளவைகளுள் இந்தக் காணாமையைக் குறிக்கும் அபாவமும் ஒன்று. அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரின் தொடக்கத்தில் அளவைகளைக் கூறும்போதும் அதற்கு இடமுண்டு. குமாரில பட்டரின் மீமாம்சையும் அத்வைத வேதாந்தமும் அதை அநுபலப்தி என்னும் பெயரால் ஆறாவது தனிப் பிரமாணமாகவே ஏற்றன. நையாயிகர் அதைத் தனிப் பிரமாணமாகக் கொள்ளவில்லை. பௌத்தத் தார்க்கிகரான தர்மகீர்த்தி அதை அனுமானத்தில் அடக்கினார். அந்த வாதங்களின் கிளைகளுக்குள் நான் இப்போது புகப்போவதில்லை. வியப்பென்னவென்றால், இப்படி எதிரெதிராக நின்றவர்கள் எல்லாரும் ஒரு நிபந்தனையில் ஒத்துப்போகிறார்கள் என்பதே. வெறுங் காணாமை எதையும் நிரூபியாது. அந்தப் பொருள் அங்கே இருந்திருந்தால் நிச்சயமாகக் கண்டிருப்போம் என்னும்படியான சூழ்நிலையில் காணாதிருந்தால் மட்டுமே 'இல்லை' என்று கூறும் உரிமை பிறக்கும். இந்தத் தகுதியையே யோக்யதை என்றார்கள்.

வெளிச்சமுள்ள அறையின் தரையைப் பார்த்துக் குடம் இல்லை எனலாம். இருட்டறையில் அப்படிச் சொல்வதற்கு இடமில்லை. 17ஆம் நூற்றாண்டில் சோழநாட்டில் வாழ்ந்த தர்மராஜ அத்வரீந்திரர் தம் வேதாந்த பரிபாஷையில் இந்த யோக்யதையை விரிவாக விளக்கி, தர்மமும் அதர்மமும் புலனுக்கு எட்டும் தன்மையன அல்ல, ஆதலால் அவை காணப்படாமை அவற்றின் இன்மைக்குச் சான்றாகாது என்றும் எடுத்துக்காட்டுகிறார். பீர்மேட்டில் வாழ்கிறவர்களுக்கு இதை விளக்க இருட்டறைகூட வேண்டாம். பருந்தும்பாறையில் நின்று பள்ளத்தாக்கையும் அதற்கப்பாலுள்ள காடுகளையும் பார்த்துக்கொண்டிருக்கையில், சில நிமிஷங்களுக்குள் பனிமூட்டம் ஏறி வந்து எல்லாவற்றையும் விழுங்கிவிடுகிறது. அப்போது எதிரே மலையில்லை என்று நம்பி ஓர் அடி எடுத்து வைக்க எவரும் துணிவதில்லை.

அலுவலகத்துச் சர்வர் செய்த பிழை இப்போது தெளிவாகும். அதன் காணாமை யோக்யதையற்ற காணாமை. தன் வீட்டு விளக்கைத் தானே அணைத்துவிட்டு, குடம் இல்லை என்று சாதித்தவன் நிலை அது. பனி இயற்கையாய் வருவது. அந்த இருட்டையோ அதன் சொந்தச் சுவரே உண்டாக்கியது. என்னைப் பொறுத்தவரை இக்கட்டுரையின் முழுப் பொருளும் இங்கேதான் இருக்கிறது: தான் எழுப்பிய சுவரால் விளைந்த மௌனத்தை மற்றவனுடைய இன்மைக்குச் சாட்சியாகக் காட்டுவதற்கு எவருக்கும் உரிமை கிடையாது.

சுவர் வேண்டாம் என்று நான் கூறவில்லை. களவு மலிந்த உலகில் காவலின்றி வாழ்தல் அறிவீனம். முன்பின் அறியாதவர்க்கு முதலில் மறுப்பு என்ற விதியில் எனக்கு ஆட்சேபணையே இல்லை. ஆனால் அச்சுவருக்கு மறுக்கும் முறைகள் இரண்டு உண்டு என்று மருமகன் சொன்னபோது நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஒரு முறையில், வந்த செய்திக்கு 'உனக்கு இங்கே அனுமதியில்லை' என்று மறுமொழி போகும், ரிஜெக்ட் என்பார்கள். மற்றதில், வந்த செய்தி சத்தமின்றிக் கீழே விழும், அனுப்பியவனுக்கு, சென்று சேர்ந்ததா, வழியில் தொலைந்ததா, வாங்கவேண்டியவன் இருக்கிறானா இல்லையா என்று ஒன்றுமே தெரியாது, ட்ராப் என்பார்கள். அந்நியனுக்கு ஒன்றும் தெரியாமலிருப்பதே பாதுகாப்பு என்று கருதி இரண்டாவதையே பெரும்பாலோர் விரும்புகிறார்கள். அந்நியனுக்கு அது சரி. உடன்பிறந்தானுக்கு? 'போ' என்று முகத்துக்கு நேரே சொல்வதிலாவது நீ இருக்கிறாய் என்ற அங்கீகாரம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மௌனமாகக் கைவிடுவதில் அதுவும் இல்லை.

இது மலைநாட்டு இளைஞன் ஒருவனின் கவனக்குறைவு மட்டும் என்று எண்ணவேண்டா. உலகெங்கும் நிரலெழுதுவோர் தம் வேலையைச் சேமித்து வைக்கும் கிட்ஹப் என்னும் நிலையத்தில், அக்டோபர் 21, 2018 அன்று, பழுதுபட்ட ஒளியிழைக் கருவியொன்றை மாற்றும்போது, அமெரிக்காவின் கிழக்குக் கரையிலிருந்த இரு மையங்களுக்கிடையே 43 வினாடிகள் தொடர்பு அறுந்தது. அந்த 43 வினாடிக்குள், கிழக்கே இருந்த தரவுத்தளங்கள் போய்விட்டன என்று தீர்மானித்து மேற்குக் கரையிலிருந்தவை தலைமை ஏற்றன. தொடர்பு மீண்டபோது இரு கரைகளிலும் ஒன்றிலிருந்து ஒன்று வேறுபட்ட பதிவுகள் இருந்தன. அவற்றை ஒன்றுபடுத்தி நிலையம் பழைய நிலைக்குத் திரும்ப 24 மணி நேரத்துக்கும் மேலாயிற்று. இன்னும் ஆழமாகப் போனால், 1985ஆம் ஆண்டில் மைக்கேல் ஃபிஷர், நான்ஸி லிஞ்ச், மைக்கேல் பாட்டர்சன் என்னும் மூவர், செய்தி வந்துசேரக் கால வரம்பில்லாத இயந்திரக் கூட்டத்தில் ஒன்றே ஒன்று வீழக்கூடும் என்றாலும், எல்லாரும் ஒருமுடிவுக்கு வருவார்கள் என்பதற்கு முழு உறுதி தரும் முறை எதுவும் இருக்க முடியாது என்று கணிதமாகவே நிறுவிவிட்டார்கள். தாமதிக்கிறவனையும் இறந்தவனையும் வெளியிலிருந்து வேறுபடுத்தியறிய வழியில்லை என்பதே அதன் உட்பொருள். நம் ஆசாரியர்கள் குடத்தை வைத்துக் கூறியதை அவர்கள் கணிதத்தால் கூறினார்கள்.

இந்த ஐயத்திலிருந்து விடுபடப் பொறியாளர்கள் கண்ட உபாயங்களில் ஒன்று என்னைத் திடுக்கிடச் செய்தது. தோழனிடமிருந்து செய்தி வரவில்லையென்றால், அவன் இறந்துவிட்டான் என்று ஊகிக்காதே. அவனுடைய மின்சாரத்தைத் துண்டித்து அவனை இறக்கச் செய். அதன்பிறகே தலைமை ஏற்றுக்கொள் என்பது அவ்விதி. பதிவுகள் இரண்டாகப் பிளவுபடாமற் காப்பதற்கு இது மிகவும் உறுதியான வழி; இயந்திரத்துக்கு மறுபடி உயிர் கொடுத்துவிடலாமாதலால் அங்கே இதிற் பாவமும் இல்லை. ஆனால் இதன் தர்க்கத்தைக் கவனியுங்கள்: உயிரோடிருக்கிறானா என்று அறிய முடியவில்லை, ஆகவே இல்லாமற் செய்துவிட்டு, இல்லை என்ற நம் எண்ணத்தை மெய்யாக்கிக்கொள்கிறோம். மனிதக் கூட்டங்கள் ஒன்றையொன்று இப்படி நடத்திய சரித்திரங்கள் எத்தனை! இந்தத் தெருவில் அவர்கள் இல்லை, இந்த ஊர்க் கணக்கில் அவர்கள் இல்லை என்று முதலில் எழுதிவைத்துவிட்டு, அந்த எழுத்துக்கேற்ப உலகத்தைச் செதுக்கியவர்கள் எத்தனை பேர்!

பீர்மேட்டிலேயே இதற்குச் சாட்சி உண்டு. 2000ஆம் ஆண்டை ஒட்டித் தேயிலை விலை வீழ்ந்து, இங்கே பல தோட்டங்கள் மூடப்பட்டபோது, கூலியின்றி, லயம் எனப்படும் ஒழுகும் வரிசை வீடுகளில் கிடந்த குடும்பங்களின் குரல் சமவெளிக்கு எட்ட எத்தனை காலம் ஆயிற்று! அதே இடுக்கி மாவட்டத்து மூணாறில், தோட்டத் தொழிலாளருக்குக் குறையில்லை, இருந்தால் சங்கங்கள் வழியே சொல்லியிருப்பார்களே என்று பல காலம் பேசப்பட்டு வந்தது. செப்டம்பர் 2015இல், பெரும்பாலும் தமிழ்ப் பெண்களான ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள், சங்கத் தலைவர்களையும் விலகி நிற்கச் சொல்லிவிட்டு, 'பெம்பிளை ஒருமை' என்ற பெயரால் தாங்களே சாலையில் அமர்ந்து, 20 சதவீத போனஸ் கேட்டுப் பெற்றார்கள். அவர்கள் அன்றுதான் பேசத் தொடங்கினார்கள் என்று கூறுவது உண்மைக்கு மாறானது. அவர்கள் நெடுங்காலமாகப் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள்; குறைகளைச் சொல்வதற்கென்று அமைத்த வாயில்களே அக்குரலைச் சத்தமின்றிக் கீழே விட்டுக்கொண்டிருந்தன.

இன்னொரு உபாயமும் உண்டு. அது என் மனத்துக்கு உகந்தது. இருவர் மட்டும் இருக்கும் கூட்டத்தில் ஒருவன் மற்றவனைப்பற்றிக் கூறும் தீர்ப்புக்கு மதிப்பில்லை. ஆகவே மூன்றாவதாக ஒரு சிறிய இயந்திரத்தை வேறோர் இடத்தில் வைக்கிறார்கள். அது எந்தக் கணக்கையும் சுமப்பதில்லை. எவருக்கும் சேவை செய்வதுமில்லை. இருவரையும் பார்த்துக்கொண்டிருப்பது ஒன்றே அதன் தொழில். மூவரில் இருவர் ஒத்துக்கொண்டாலன்றித் தலைமை மாறாது. அதற்குப் பொறியாளர்கள் இட்டிருக்கும் பெயர் சாட்சி. செயலில் ஒட்டாமல், பலனை நுகராமல், பார்த்துக்கொண்டு மட்டும் இருப்பதைக் குறிக்க வேதாந்திகள் வழங்கிய சொல்லும் அதுவே.

இத்தகைய மூன்றாமவனின் தேவை இத்தாலுகாவுக்குப் புதியதன்று. அக்டோபர் 29, 1886இல் 999 ஆண்டுக்குக் குத்தகை எழுதி, 1895இல் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணை பீர்மேடு தாலுகாவிலேதான் நிற்கிறது. அணைக்குக் கீழே வாழ்பவர்களின் அச்சமும், மலைக்கு அப்பால் தேனி, மதுரை நிலங்களுக்கு அந்நீரை நம்பியிருப்பவர்களின் கவலையும், இரண்டுமே மெய்யானவை. ஆயினும் ஒருவர் அச்சம் மற்றவர் செவிக்கு எட்டுவதில்லை. மே 7, 2014இல் உச்சநீதிமன்றம் நீர்மட்டத்தை 142 அடி வரை உயர்த்த அனுமதித்தபோது, தமிழ்நாட்டின் பிரதிநிதி ஒருவர், கேரளத்தின் பிரதிநிதி ஒருவர், மத்திய நீர்வள ஆணையத்தின் பிரதிநிதி ஒருவர் என மூவர் கொண்ட மேற்பார்வைக் குழு ஒன்றையும் அமைத்தது. தீர்ப்பின் நியாயங்களைப்பற்றி இரு கரையிலும் வெவ்வேறு கருத்துகள் உண்டு. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ள மூன்றாவது கண் ஒன்று வேண்டும் என்ற அந்த ஏற்பாட்டில் இருந்த அறிவை நான் மதிக்கிறேன்.

இனி, இக்கட்டுரையை எழுதத் தூண்டிய கேள்விக்கு வருகிறேன். அது என் சொந்தக் கேள்வி. என் மனைவி காலமானபின் இரண்டாண்டுக் காலம் நான் கோயில் வாசலை மிதிக்கவில்லை. நோயுற்றுக் கிடந்த நாட்களில் இரவும் பகலும் வேண்டினேன். ஒரு பதிலும் வரவில்லை. பதில் வராமையால், கேட்பவன் எவனும் இல்லை என்று முடிவு செய்தேன். அது நாஸ்திகத்தின் தெளிவன்று, துக்கத்தின் முடிவு. எனினும் அன்று அதை நான் உறுதியான தர்க்கம் என்றே நம்பினேன். அதே காலத்தில்தான், நினைத்துப் பார்க்கிறேன், வந்த கடிதங்களைப் பிரிக்காமல் அடுக்கி வைத்தேன். நண்பர்கள் கதவைத் தட்டினால் உறங்குவதுபோல் படுத்திருந்தேன். பீர்மேட்டிலிருந்து என் தங்கை ஞாயிறுதோறும் தொலைபேசியில் அழைத்தாள், நான் எடுக்கவில்லை. அவள் அழைப்பதை நிறுத்தவில்லை. எவரும் என்னை எண்ணுவதில்லை என்று நான் மனம் நொந்துகொண்டிருந்த அந்த நாட்களில், என் வாசலில் வாரந்தோறும் ஒரு குரல் வந்து நின்றுகொண்டுதான் இருந்தது.

இதனால் கடவுள் உண்டு என்று நிரூபணமாகிவிட்டது என்று நான் சொல்லவில்லை. யோக்யதையற்ற காணாமை இன்மையை நிறுவாது என்பது எவ்வளவு உண்மையோ, அது இருத்தலை நிறுவாது என்பதும் அவ்வளவு உண்மை. மௌனத்தையே அருளின் அடையாளமாகக் காட்டி, கேள்வி கேட்பவன் வாயை அடைக்கும் பக்தர்களும் தர்மராஜ அத்வரீந்திரருக்குப் பதில் சொல்லியாக வேண்டும். சைவ சித்தாந்தம் இந்த இடத்தில் மிக நுட்பமான ஒன்றைச் சொல்கிறது. இறைவனின் ஐந்தொழில்களுள் மறைத்தலும் ஒன்று என்றும், அதுவும் அருளின் ஒரு வடிவமே என்றும் அது கூறும்போது, மௌனத்துக்குக் காரணமான சுவர் அவன் பக்கத்திலும் இருக்கலாம் என்று ஒப்புக்கொள்கிறது. ஆனால் ஆணவ மலம் உயிரை அநாதியே பற்றியிருக்கிறது என்றும் உடன் கூறி, நம் பக்கத்துச் சுவரை நமக்கு நினைவூட்டுகிறது. இரண்டில் எது காரணம் என்று உயிரால் எளிதில் பிரித்தறிய முடியாது. பிரித்தறிய முடியாத நிலையில், நம் கைக்கு எட்டிய சுவரைத்தான் முதலில் சோதிக்க முடியும்.

தென்காசியிற் பிறந்து தக்கலையில் அடங்கிய ஞானி பீர்முகம்மது அப்பா, இம்மலைமேல் தனித்திருந்து தவம் செய்தமையால் இதற்குப் பீர்மேடு என்று பெயர் வந்தது என்பது வழிவழி வரும் செய்தி. தமிழில் ஞானப் பாடல்கள் பாடிய அந்த மகான் இங்கே காட்டுக்குள் மறைந்திருந்த காலத்தில், கீழே சமவெளியில் இருந்தவர்களுக்கு அவர் இருக்கிறாரா இல்லையா என்று எப்படித் தெரிந்திருக்கும்? சூஃபி நெறியில் திக்ரு என்று ஒரு சாதனை உண்டு. மூச்சுதோறும் இறைவன் திருநாமத்தை உள்ளத்தில் ஓதிக்கொண்டிருப்பது. பதில் வருகிறதா என்று காத்திராமல், வினாடிதோறும் மூச்சுதோறும் "இருக்கிறேன்" என்று அறிவித்துக்கொண்டே இருக்கும் சாதனை அது. பதிலுக்காகவே பிரார்த்தித்த எனக்கு அது பெரும் பாடமாயிற்று. நான் இப்போது கோயிலுக்குப் போகிறேன். கேட்பதற்கு ஒன்றுமில்லாமல் போகிறேன்.

அன்றிரவு மருமகன் விதித்தொகுப்பின் முதல் வரியாக, மற்றச் சர்வரின் முகவரியிலிருந்து வரும் 112ஆம் நெறிமுறையை அனுமதிக்கும் விதியை எழுதினான். சுவர் எதைக் கீழே விட்டாலும் அதைப் பதிவேட்டில் குறித்து வைக்கும்படி கடைசி வரியை எழுதினான். சாட்சி இயந்திரம் ஒன்று வாங்கித் தரும்படி நிர்வாகத்துக்கும் எழுதினான். அதன்பின் நாங்கள் இருவரும் விடியும்வரை உட்கார்ந்து, இரு சர்வர்களின் பதிவுகளையும் சூப்பர்வைசரின் துண்டுச் சீட்டுகளோடு ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தோம். இங்கில்லாதது அங்கிருந்தது, அங்கில்லாதது இங்கிருந்தது. ஒரே ஒரு பெண்ணின் பிற்பகல் நிறுவை மட்டும் இரண்டிலும் இல்லை. அவளுடைய சீட்டோ மழையில் நனைந்து எழுத்துக் கரைந்துபோயிருந்தது. அவள் அன்று பிற்பகல் கொழுந்தெடுக்கவில்லை என்று முடித்துவிட, இரண்டு இயந்திரங்களின் மௌனமும் ஒருமுகமாக இடங்கொடுத்தது.

மஸ்டர் என்னும் காலை ஆட்கணக்குக்கு ஆட்கள் கூடும் முன்பே மருமகன் குடையை எடுத்துக்கொண்டு அவள் லயத்துக்கு நடந்தான்; நானும் உடன் சென்றேன். அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தவள் எழுந்து வாசலுக்கு வந்தாள்.

"அக்கா, நேத்து மத்தியானத்துக்கு மேல எத்தனை கிலோ எடுத்தீங்க?"

"முப்பத்தொண்ணு தம்பி" என்றாள்.

அவன் திரும்பி வந்து, 31 என்று பதிந்தான்.